பெரிய நாடுகளுக்கு நடுவே சிறிய சிங்கப்பூர்: எஸ். ராஜரத்னம் வகுத்த பாதை

புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா பக்கம் நடக்கப் போயிருக்கீங்களா? குன்றின் மேலே ஒளிபரப்புக் கோபுரம் தெரியும். அதை நோக்கி ஏறும் பழைய படிக்கட்டுக்கு ஒரு கதை உண்டு.

ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளை வேலை வாங்கி, அந்தக் குன்றின்மேல் ஜப்பானியர் தங்கள் போர் நினைவுச் சின்னத்தை எழுப்பினர். 1945இல் தோற்றபோது அவர்களே அதை இடித்துவிட்டனர். மிஞ்சியது படிக்கட்டு.

பக்கத்திலேயே, அப்பர் புக்கிட் தீமா சாலையில், பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் அது.

மூன்றரை ஆண்டுக்குள் ஒரு வல்லரசு கைவிட்டுப் போனது. இன்னொன்று வந்து வீழ்ந்தது. ஒரே ஒரு பெரிய நாட்டை நம்பிச் சின்னத் தீவு பிழைக்க முடியுமா? 1965இல் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பொறுப்பு ஒரு யாழ்ப்பாணத் தமிழரிடம் வந்தது.

யார் அவர்?

சின்னத்தம்பி ராஜரத்னம் 1915 பிப்ரவரி 25ஆம் தேதி யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் பிறந்தார், மலாயாவில் வளர்ந்தார். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்திலும் படித்தார். 1935இல் சட்டம் படிக்க லண்டன் போனார். போர் மூண்டது; வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. எழுத்தே பிழைப்பானது. ஹங்கேரியைச் சேர்ந்த பிரோஷ்காவை மணந்தார்.

1947இல் திரும்பி வந்து செய்தியாளரானார். 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1959இல் கலாசார அமைச்சர். நாடு தனியானபோது முதல் வெளியுறவு அமைச்சர்.

அமைச்சு புதுசு, ஆனால் வேலை காத்திருக்கவில்லை. 1965 செப்டம்பர் 21ஆம் தேதி சிங்கப்பூர் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 117ஆவது உறுப்பினரானது.

எப்படிச் சமாளித்தார்?

பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. சிங்கப்பூர் 1966இல் அமெரிக்காவுடன் அரசதந்திர உறவு ஏற்படுத்தியது. 1968இல் சோவியத் யூனியனுடனும் ஏற்படுத்தியது. 1967இல் பேங்காக்கில் ஆசியானைத் தொடங்கிவைத்த ஐவரில் ராஜரத்னமும் ஒருவர். அக்கம்பக்கத்தார் ஒன்றாக நின்றால் வெளியார் வந்து பிரித்தாள்வது கடினம் என்பது கணக்கு.

1968இல் இன்னோர் அதிர்ச்சி. 1971க்குள் படைகளை மீட்டுக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. அப்போது நாட்டின் பொருளியலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்த ராணுவத் தளங்களை நம்பியிருந்தது. 1942இன் பாடம் மறுபடியும்! சிங்கப்பூர் சொந்தப் படையை வளர்த்தது; பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலந்து, மலேசியாவுடன் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டிலும் சேர்ந்தது.

ராஜரத்னத்தின் வாதம் எளிமையானது. வானத்தில் ஒரே சூரியன் என்றால் சிறு கோள்கள் அதைத்தான் சுற்ற வேண்டும். பல சூரியன்கள் இருந்தால் எதன் இழுப்பும் முழுமையாக இருக்காது. சிறு கோள்களுக்கு நகர இடம் கிடைக்கும். அதனால் வல்லரசுகளை விரட்டுவதைவிட, எல்லாரையும் இந்த வட்டாரத்தில் அக்கறை கொள்ளச் செய்வதே மேல் என்று நினைத்தார்.

சீனா விஷயத்தில்?

அதுதான் மிகச் சிக்கல். சிங்கப்பூரில் சீனர்கள் பெரும்பான்மை. இது இன்னொரு சீனாவாகிவிடுமோ என்று அண்டை நாடுகள் சந்தேகப்பட்டன.

1971இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் பெய்ச்சிங்குக்கு இடம் தர சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. 1975இல் ராஜரத்னம் நல்லெண்ணப் பயணமாகச் சீனா போனார். ஆனால் முழு அரசதந்திர உறவு அமைந்தது 1990இல், இந்தோனேசியா சீனாவுடன் உறவைப் புதுப்பித்த பிறகுதான். பெரிய நாட்டோடு கைகுலுக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று பார்த்த பொறுமை அது.

அப்படின்னா மதில்மேல் பூனையா?

இல்லை. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படையெடுத்தது. அதன் பின்னால் சோவியத் யூனியன். போல் போட் ஆட்சியின் கொடுமை உலகறிந்தது. அந்த ஆட்சி விழுந்ததில் நிம்மதி அடைந்தவர்கள் பலர். ஆனாலும் பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் படையோடு நுழைந்து ஆட்சியை மாற்றலாம் என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், அடுத்து நமக்கும் அதே கதி வரலாமே என்று சிங்கப்பூர் வாதிட்டது. 1979இல் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகள் மாநாட்டில், இயக்கத்தைச் சோவியத் பக்கம் சாய்க்கும் முயற்சியை ராஜரத்னம் எதிர்த்தார்.

அதற்கு விலை இருந்தது. கெமர் ரூஜ் தரப்பிடமே கம்போடியாவின் ஐக்கிய நாட்டு நிறுவன இருக்கை இருக்க உதவியதாக எழுந்த விமர்சனம் இன்றும் தீரவில்லை.

பிறகு?

1980இல் அவர் வெளியுறவு அமைச்சை விட்டார். 1988இல் அரசியலிலிருந்து விலகினார். 2006 பிப்ரவரி 22ஆம் தேதி, 91ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு காலமானார். பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் தேசியப் பற்றுறுதியை 1966இல் எழுதியவரும் அவரே.

இன்று போட்டி அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும். யார் பக்கம் என்று சிங்கப்பூரைக் கேட்பவர்கள் குறையவில்லை. ஆளைப் பார்த்து அல்ல, விஷயத்தைப் பார்த்து நிலையெடுப்பதுதான் ராஜரத்னம் விட்டுச்சென்ற வழி. அது யாரையும் எப்போதும் திருப்திப்படுத்தாது. ஆனால் அடுத்தவர் வந்து நம் குன்றில் சின்னம் எழுப்பும் நிலை திரும்பாமல் இருக்க, அந்தச் சிரமம் தேவைதான்.