சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை புச்சிபாபு நாயுடு

மீன்சுருட்டிப் பக்கம் அறுவடை முடிஞ்ச வயலில் மூணு குச்சியை நட்டு ஆடுகிற நம்ம தம்பிகளுக்குக் கபில்தேவைத் தெரியும், தோனியைத் தெரியும். புச்சிபாபுவை? பேப்பரில் புச்சிபாபு கோப்பை என்று படித்துவிட்டு ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு!

மோத்தவரப்பு வெங்கடமகிபதி நாயுடு என்பது முழுப்பெயர். 1868-ல் பிறந்தவர். பாரி கம்பெனிக்கு துபாஷாக இருந்த வசதியான குடும்பம். மயிலாப்பூர் லஸ்ஸில் வீடு. வெள்ளைக்கார ஆயாமார் வளர்ப்பில் சிறு வயதிலேயே கிரிக்கெட் ஆசை தொற்றிக்கொண்டது.

அந்தக் காலத்தில் சென்னையில் கிரிக்கெட் என்றால் 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்தான். அது வெள்ளையருக்கு மட்டும். சேப்பாக்கத்தில் அவர்களோடு ஆடப் போகும் நம்மவர்கள் பெவிலியனுக்குள் கால் வைக்க முடியாது. உடை மாற்றுவதும் மதியச் சாப்பாடும் மரத்தடியில்தான். ஆடும்போது எதிரணி, சாப்பிடும்போது தீண்டத்தகாதவர்! இது எந்த ஊர் நியாயம்?

புச்சிபாபு மனு எழுதிக்கொண்டு நிற்கவில்லை. 1888-ல், இருபது வயதில், எஸ்பிளனேடில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உண்டாக்கினார். அப்போது மட்டையும் பந்தும் சீமையிலிருந்து வரவேண்டிய சாமான்கள். வசதியில்லாத பையன்களுக்கும் தன் கைக்காசைப் போட்டு வாங்கிக் கொடுத்து ஆட வைத்தார். பிறகு வெள்ளையர் கிளப்போடு ஆடும்போது சமமான மரியாதை வேண்டும் என்பதில் விடாப்பிடியாக நின்றார்.

இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் மாகாணப் போட்டி நடக்க வேண்டும் என்பது அவரது கனவு. பேசிப் பேசி 1908 டிசம்பருக்கு ஏற்பாடும் ஆயிற்று. ஆட்டத்துக்குச் சில நாட்களே இருக்க, புச்சிபாபு காலமானார். வயது நாற்பதுதான். போட்டி நிற்கவில்லை; பி. சுப்பிரமணியம் தலைமையில் நம்மவர்கள் ஆடினார்கள். 1915 முதல் அது முதல்தர ஆட்டமாகி, பொங்கல் மேட்ச் என்று பெயர் பெற்று, 1952 வரை நடந்தது.

பிள்ளைகளும் சளைத்தவர்கள் அல்ல. பட், பாலய்யா, ராமசாமி மூவரும் ஆட்டக்காரர்கள். தாய்வழித் தாத்தாவுக்குத் தத்துப் போன சி. ராமசாமி 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 1936-ல், நாற்பது வயதில், மான்செஸ்டரில் முதல் டெஸ்டில் இறங்கி 40, 60 அடித்தார். அப்பா கண்ணை மூடிய அதே வயது! இடையில் நின்றுபோன புச்சிபாபு கோப்பைப் போட்டியை 2023-ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் மறுபடி தொடங்கியது.