சுழியத்திற்கு விதி வகுத்த பிரம்மகுப்தர்



ஒன்றுமில்லாமையைக் குறிக்கும் எண் சுழியம். அதனைப் பூச்சியம் என்றும் கூறுவர். சுழியத்தைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வேண்டிய விதிகளை, இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் முதன்முதலாக முறைப்படுத்தித் தந்தவர் பிரம்மகுப்தர் ஆவார்.

இவர் கி.பி. 598ஆம் ஆண்டில் பிறந்தார். இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில் பின்மால் என்னும் ஊர் உள்ளது. அக்காலத்தில் பில்லமாலம் எனப்பட்ட அவ்வூரோடு தொடர்புடையவர் இவர். வியாக்கிரமுகன் என்னும் மன்னன் ஆண்ட காலத்தில், கி.பி. 628இல், தமது முப்பதாம் வயதில், பிராம்மஸ்புட சித்தாந்தம் என்னும் வானநூலை வடமொழிச் செய்யுளில் இயற்றினார். கோள்களின் இயக்கத்தையும் கிரகணங்களையும் கணிக்கக் கணிதம் இன்றியமையாதது. ஆகவே, அந்நூலில் கணிதத்திற்கும் இடமளித்தார்.

அந்நூலின் 18ஆம் இயலில், மிகை எண்களைச் செல்வம் என்றும், குறை எண்களைக் கடன் என்றும் அவர் குறித்தார். ஐந்து வெள்ளி கடன்பட்டவனிடம் ஐந்து வெள்ளி இருந்தால், கடனைத் தீர்த்தபின் எஞ்சுவது சுழியம். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தாலும் சுழியமே. எந்த எண்ணைச் சுழியத்தால் பெருக்கினாலும் சுழியமே. இவ்விதிகளை நாம் இன்றும் வகுப்பறையில் கற்கின்றோம்.

ஆயினும், வகுத்தலில் அப்பேரறிஞருக்கும் இடர்ப்பாடு நேர்ந்தது. சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்று எழுதினார். பிற எண்களைச் சுழியத்தால் வகுக்கும்போது, சுழியத்தைக் கீழே இட்டுப் பின்னமாகவே விட்டுவிட்டார், விடை கூறவில்லை.

இதன் காரணத்தை ஆராய்வோம். 12 ரம்புத்தான் பழங்களை 3 பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால், ஒருவருக்கு 4 பழங்கள். நான்கை மூன்றால் பெருக்கினால் மீண்டும் 12 வருவதால், விடை சரியெனத் தெளிகிறோம். இனி, பன்னிரண்டைச் சுழியத்தால் வகுப்போம். எந்த எண்ணைச் சுழியத்தால் பெருக்கினால் 12 வரும்? அத்தகைய எண் எதுவுமில்லை. ஆகவே, விடையும் இல்லை.

சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தாலோ நிலைமை வேறு. விடை 5 என்றால், ஐந்தைச் சுழியத்தால் பெருக்கச் சுழியம் வருகிறது. விடை 7 என்றாலும் அவ்வாறே. எல்லா எண்களும் பொருந்துவதால், இதுவே விடையென ஒன்றைச் சுட்ட இயலாது. முன்னதில் விடையே இல்லை. பின்னதில் விடைக்கு வரம்பில்லை. இதனாலேயே சுழியத்தால் வகுத்தல் கணிதத்தில் விலக்கப்பட்டுள்ளது.

பிரம்மகுப்தருக்குப் பின், 1114இல் பிறந்த பாஸ்கரர், ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் முடிவிலி வரும் என்றார். வகுக்கும் எண் சிறுக்கச் சிறுக்க ஈவு பெருகும் என்பது உண்மையே. பன்னிரண்டை அரையால் வகுத்தால் 24. நூற்றில் ஒரு பங்கால் வகுத்தால் 1200. எனினும், முடிவிலி என்பது நாம் எண்ணும் எண்களுள் ஒன்றன்று. ஆதலின் அவ்விடையும் நிறைவானதாக இல்லை.

பிரம்மகுப்தர் முதுமையிலும் ஓயவில்லை. கி.பி. 665இல், தமது 67ஆம் வயதில், கண்டகாத்யகம் என்னும் மற்றொரு வானநூலை இயற்றினார். எட்டாம் நூற்றாண்டில் அவருடைய வானநூற் கணிதம் பாக்தாத் நகரை அடைந்து அரபு மொழியில் பெயர்க்கப்பட்டது. இந்திய எண்முறையும் அரபு அறிஞர் வாயிலாகவே ஐரோப்பாவுக்குப் பரவிற்று.

மாணவர்களே! பேரறிஞர் எழுதியது என்பதற்காகப் பின்வந்தோர் ஒரு விதியை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் அவருடைய பெருமையும் குன்றவில்லை. நீங்களும் கணக்கின் விடையைப் பெருக்கிச் சரிபாருங்கள். ஐயம் எழுந்தால் அஞ்சாமல் ஆசிரியரிடம் வினவுங்கள். ஐயத்தைத் தீர்ப்பதே கல்வியின் பயன்.