சுமை தூக்கிச் சிகரம் சேர்ந்தவர்

உத்திரமேரூர் என்னும் பெயருக்குள்ளே மேருமலை இருக்கிறது. ஊரிலோ மலை இல்லை. பழைய சாஸனங்கள் வைரமேக தடாகம் என்று பெயர் சொல்லும் பேரேரியும், அதன் பாய்ச்சலில் விளையும் நெல்வயல்களும், கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியுமே அவ்வூரின் காட்சி. அத்தகைய சமவெளியிற் பிறந்து வளர்ந்த வாலிபர்களும் யுவதிகளும் இக்காலத்தில் விடுமுறை நாட்களில் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, பத்துப் பேராகவும் இருபது பேராகவும் கூடி, ஜவ்வாது மலைக்கும் கொல்லி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் புறப்படுகிறார்கள். இக்கூட்டங்களிற் பலவற்றை நடத்துவோர் கூலி வாங்கும் வழிகாட்டிகள் அல்லர். முன்னே சென்று பழகியவர்கள் பின்னே வருவோரைத் தொண்டாக அழைத்துச் செல்கிறார்கள். செலவு எல்லார்க்கும் பொது.

இவ்வழக்கத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் இதிற் சேருகிறவர் ஒவ்வொருவரும் புறப்படுமுன் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மலையிற் சுமையை யார் தூக்குவது? இது அற்பமான கேள்வி போலத் தோன்றும். அற்பமன்று என்பதற்கு டென்சிங் நார்கேயின் சரித்திரமே சாக்ஷி. எவரெஸ்ட் சிகரத்தில் முதலிற் கால் வைத்த இருவரில் ஒருவர் என்று மட்டுமே அவரை நம்மவர் அறிவர். அந்த ஒரு நாளுக்கு முன்னே பதினெட்டு வருஷ காலம் அவர் பிறருடைய மூட்டையைச் சுமந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் 1914-ஆம் ஆண்டு மே மாதத்தின் பிற்பகுதியிற் பிறந்தார். பிறந்த தேதியைக் குறித்து வைக்கும் வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. திபெத்தின் கார்த்தா பள்ளத்தாக்கிற் பிறந்தார் என்பாரும் உளர். நேபாளத்தின் கும்புப் பிரதேசத்தில் தாமே என்ற கிராமத்திற் பிறந்தார் என்பாரும் உளர். கும்புவில் வளர்ந்தார் என்பதில் ஐயமில்லை. தந்தை யாக் என்னும் மலையெருது மேய்ப்பவர். குழந்தைகள் பதின்மூவரிற் பலர் இளமையிலேயே மாண்டனர். இவருக்கு முதலில் இட்ட பெயர் நம்க்யால் வாங்டி. ரோங்புக் மடத்துத் தலைமை லாமாவின் யோசனைப்படி அது டென்சிங் நார்கே என்று மாற்றப்பட்டது. சிறுவனைத் துறவியாக்க எண்ணிப் பெற்றோர் மடத்திற் சேர்த்தனர். மடத்து வாழ்வு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்துவிட்டான்.

பதினெட்டு வயதளவில் டென்சிங் டார்ஜிலிங்குக்கு ஓடி வந்தார். இமயத்துச் சிகரங்களை நாடிவரும் ஐரோப்பியக் கோஷ்டிகள் அங்கேதான் ஆட்களைச் சேர்த்தன. 1933-ஆம் ஆண்டு எவரெஸ்ட் கோஷ்டிக்கு ஆள் எடுத்தபோது இவரை ஒதுக்கிவிட்டார்கள். மாடு மேய்த்தும் கிடைத்த வேலையைச் செய்தும் காலம் கழித்தார். 1935-இல் எரிக் ஷிப்டன் என்பவர் எவரெஸ்ட்டுக்கு வழி ஆராயப் புறப்பட்டபோது, முன் வேலை பார்த்ததற்கு நற்சாக்ஷிப் பத்திரம் ஒன்றுமில்லாத இவரையும் கடைசியில் எடுத்துக்கொண்டார். கூலி நாளொன்றுக்குப் பன்னிரண்டு அணா. பனிக்கோட்டுக்கு மேலே சென்றால் ஒரு ரூபாய்.

அக்காலத்து மலையேற்றத்தின் இயல்பை இங்கே சொல்லவேண்டும். துரைமார் சிலர் சிகரத்தை நோக்கிச் செல்வர். அவர்களுடைய கூடாரம், உணவு, அடுப்பு, பிராணவாயுக் குப்பி யாவும் நூற்றுக்கணக்கான கூலியாட்களின் முதுகில் ஏறிச் செல்லும். அடிவாரத்தோடு பெரும்பாலோர் திரும்பிவிடுவர். அதற்கு மேல் பனியிலும் பாளத்திலும் சுமந்து ஏறுவோர் ஷெர்பாக்களே. 1922-ஆம் ஆண்டு பனிச்சரிவிற் சிக்கி மாண்ட ஏழு பேரும் அவர்களே. ஏறியவர் பெயர் நூலிற் பொறிக்கப்பட்டது; சுமந்தவர் பெயர் கூலிக் கணக்கில் எழுதப்பட்டது. 1936-இலும் 1938-இலும் டென்சிங் மறுபடி எவரெஸ்ட்டுக்குச் சென்றார். இரண்டாம் முறை ஏறத்தாழ 27,000 அடி உயரத்திலிருந்த கடைசிக் கூடாரம் வரையிற் சுமை கொண்டு சேர்த்தார். அத்தகையோருக்கு இமாலய சங்கத்தார் அளித்துவந்த புலிப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கௌரவந்தான், ஆனால் சுமை தூக்குவோருள் சிறந்தவர் என்ற கௌரவம்.

யுத்த காலத்தில் மலைக் கோஷ்டிகள் வரவில்லை. டென்சிங் வடமேற்கு எல்லையிலுள்ள சித்ராலில் இராணுவ அதிகாரிகளிடம் பணிபுரிந்தார். முதல் மனைவி தாவா புட்டி 1944-இல் அங்கேயே காலமானார். இரண்டு பெண் குழந்தைகளுடன் அவர் டார்ஜிலிங் திரும்பினார். பின்னர் மணந்த ஆங் லாமு என்ற மாதரசி ஆயா வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்தார்.

1947-இல் ஸ்விட்ஜர்லாந்து தேசத்தார் கேதார்நாத் சிகரத்துக்கு வந்தனர். ஏற்றத்தில் ஷெர்பாக்களின் தலைவர் வாங்டி நோர்பு விழுந்து கால் முறிந்தது. அவரை மீட்டுக் கீழே கொண்டுவந்தவர்களுள் டென்சிங் முக்கியமானவர். தலைவர் பதவி அவருக்கு வந்தது; சிகரத்தையும் அவர் மிதித்தார்.

அக்காலத்திலேயே அவருக்கு வேறொரு விதமான மலைப் பிரயாணமும் அறிமுகமாயிற்று. டேராடூனில் 1935-இல் தொடங்கப்பெற்ற டூன் பள்ளியின் ஆசிரியர்களான ஜாக் கிப்ஸன், ஹோல்ட்ஸ்வொர்த் முதலியோர் மலைப் பித்துக் கொண்டவர்கள். கியாதியையோ பரிசையோ நாடாமல், விடுமுறை வந்தால் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு இமயத்தின் பள்ளத்தாக்குகளிற் சுற்றுவது அவர்கள் வழக்கம். இன்று நம் வாலிபர்கள் செய்வதற்கு நம் நாட்டில் முன்னோடி இதுவே எனலாம். 1946-இல் அவர்கள் பந்தர்பூஞ்ச் சிகரத்தை முயன்றபோது டென்சிங் உடனிருந்தார். நந்து ஜயால் என்ற இளைஞரும் அக்கோஷ்டியில் இருந்தார். அம்முறை சிகரம் கிட்டவில்லை. 1950-இல் கிப்ஸன் மீண்டும் ஒரு கோஷ்டி சேர்த்தார். டென்சிங், கிரீன்வுட் என்ற இராணுவ ஸார்ஜண்டு, கின்சோக் ஸேரிங் என்ற ஷெர்பா ஆகிய மூவரும் முதன்முதல் அச்சிகரத்தை அடைந்தனர்.

மறு வருஷம் பிரெஞ்சுக்காரர்களுடன் நந்தாதேவிக்குச் சென்றார். டூப்ளா, வீஞ் என்ற இரு வீரர்கள் சிகரங்களை இணைக்கும் நீண்ட முகட்டைக் கடக்க முயன்று திரும்பவே இல்லை. அவர்களைத் தேடும்பொருட்டு டென்சிங்கும் டுபோஸ்ட் என்பவரும் கிழக்குச் சிகரம் வரை ஏறினர். தாம் ஏறிய மலைகளுள் அதுவே மிகக் கடினமானது என்பது டென்சிங்கின் அபிப்பிராயம்.

1952-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்பம். எவரெஸ்ட்டுக்கு வந்த ஸ்விஸ் கோஷ்டியார் அவரைக் கூலியாட்களின் தலைவராக மட்டும் வைக்கவில்லை. ஏறுவோரில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டனர். ரேமான் லாம்பேர் என்பவர் அவருக்குத் துணை. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. மே மாதக் கடைசியில் ஓர் இரவை இருவரும் படுக்கைப் பையும் அடுப்பும் இல்லாத ஒரே கூடாரத்திற் கழித்தனர். மெழுகுவர்த்தியில் பனியை உருக்கித் தாகம் தீர்த்தனர். மறுநாள் ஏறத்தாழ 28,200 அடி வரை சென்றார்கள். மனிதன் அதுவரை எட்டிய உயரங்களில் அதுவே பெரிது. சிகரத்துக்கு ஆயிரம் அடிகூட இல்லை. எனினும் மேலே சென்றால் உயிருடன் மீள முடியாது என்று கண்டு இருவரும் ஒருமனதாகத் திரும்பினர். நந்தாதேவியில் மீளாதவர்களைத் தேடி அலைந்த டென்சிங்குக்கு அத்திரும்புதலின் அருமை நன்றாகத் தெரிந்திருக்கும். அவ்வருஷமே இலையுதிர் காலத்தில் மறுபடி முயன்றனர். குளிரும் காற்றும் தடுத்தன.

1953-இல் கர்னல் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் கோஷ்டி புறப்பட்டது. டென்சிங் ஷெர்பாக்களின் தலைவர், ஏறும் அங்கத்தினருங்கூட. ஆயினும் பழைய வழக்கம் எளிதில் விடவில்லை. காத்மாண்டுவில் கோஷ்டியின் வெள்ளையர்கள் பிரிட்டிஷ் தூதராலயத்து அறைகளில் தங்க, ஷெர்பாக்களுக்கு மோட்டார் கொட்டகை ஒதுக்கப்பட்டது. அவர்கள் மறுநாட் காலை தங்கள் கோபத்தை மறைவின்றிக் காட்டினர். பத்திரிகைகளும் அதைப் பெரிதுபடுத்தின. தம் ஆட்களின் மானத்துக்கும் பிரயாணத்தின் காரியத்துக்கும் நடுவே நின்று சமாதானம் செய்யும் பொறுப்பு டென்சிங்கின் தலையில் விழுந்தது. அதையும் அவர் சுமந்தார்.

பிறகு மலை தன் பாடத்தைக் கற்பித்தது. நியூஜிலாந்து நாட்டவராகிய எட்மண்ட் ஹில்லாரி பனிவெடிப்பு ஒன்றில் விழுந்தபோது, மறுமுனையிற் கயிற்றை இறுகப் பிடித்து அவரைக் காத்தவர் டென்சிங். அன்றுமுதல் அவ்விருவரும் ஓரிணை ஆயினர். மே 26-ஆம் தேதி எவான்ஸ், போர்டில்லன் என்பவர்கள் தெற்குச் சிகரம் வரை சென்று திரும்பினார்கள். 28-ஆம் தேதி லோவ், கிரெகரி, ஆங் நீமா ஆகிய மூவர் துணையாக வந்து கடைசிக் கூடாரத்துக்குச் சாமான் சேர்த்தனர். அன்று 27,900 அடி உயரத்தில் சுமையில்லாத முதுகு ஒன்றும் இல்லை. ஐம்பது அறுபது ராத்தல் எடையை ஹில்லாரியும் சுமந்தார், டென்சிங்கும் சுமந்தார். மறுநாள் 29-ஆம் தேதி முற்பகல் பதினொன்றரை மணிக்கு இருவரும் சிகரத்தை அடைந்தனர். ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா என்னும் நான்கின் கொடிகளும் டென்சிங்கின் பனிக்கோடரியிற் பறந்தன. தம் மகள் நீமா கொடுத்த பென்சிலையும் சிறிது தின்பண்டத்தையும் அவர் பனியிற் புதைத்தார்.

கீழே இறங்கியதும் சச்சரவு காத்திருந்தது. முதலில் மிதித்தவர் யார்? டென்சிங்தான் என்று கோஷமிட்டோரும், அவரை ஹில்லாரி இழுத்துச் சென்றார் என்று இகழ்ந்தோரும் உண்டு. அவர் எந்த நாட்டுப் பிரஜை என்று நேபாளமும் இந்தியாவும் வழக்காடின. ஹண்டுக்கும் ஹில்லாரிக்கும் ஸர் பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. இவ்வேற்றுமையைக் கண்டு நம் நாட்டார் வருந்தியது நியாயமே. ஆனால் டென்சிங் செய்தது இன்னும் பெரிது. 1955-இல் வெளிவந்த தம் சரித்திரத்தில், ஹில்லாரியே ஓரடி முந்தி மிதித்தார், தாம் அவரைப் பின்தொடர்ந்தார் என்ற உண்மையை ஒளிக்காமற் சொல்லிவிட்டார். ஒரே கயிற்றிற் பிணைந்தவர்களுக்குள் முன்பின் பார்ப்பது மலையின் தர்மமன்று என்பது அவர் கொள்கை. தேசாபிமானத்தின் பேரால் பொய்யை விரும்பிய நம்மவர்க்கும் அது நல்ல பாடம்.

அவருடைய வெற்றியைக் கண்ட பண்டித நேரு, நம் வாலிபர்களுக்கு மலையேற்றம் கற்பிக்க ஓர் ஸ்தாபனம் வேண்டும் என்று விரும்பினார். வங்காள முதன் மந்திரி பி. ஸி. ராய் ஆதரித்தார். 1954 நவம்பர் 4-ஆம் தேதி டார்ஜிலிங்கில் ஹிமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தோன்றியது. பந்தர்பூஞ்சில் உடன் சென்ற அதே நந்து ஜயால் முதல் பிரின்ஸிபால். டென்சிங் வெளிப் பயிற்சியின் முதல் டைரக்டர். எழுதப் படிக்கத் தெரியாதவர் நாட்டின் இளைஞர்களுக்கு ஆசானானார். அவர்கள் தத்தம் மூட்டையைத் தாமே தூக்கி ஏறக் கற்றனர். 1959-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1976-இல் ஓய்வடைந்து, 1986 மே 9-ஆம் தேதி டார்ஜிலிங்கில் காலமானார்.

இச்சரித்திரத்தில் நம் மலைக்கூட்டங்கள் கொள்ளத்தக்கவை மூன்று என்று நாம் கருதுகிறோம். முதலாவது, கூட்டத்திற் சேர்ந்தவர் வாடிக்கைக்காரர் அல்லர். தம் மூட்டையையும் பொதுச் சாமானில் ஒரு பங்கையும் தாமே தூக்கவேண்டும். அரிசியும் பாத்திரமும் தண்ணீரும் தொண்டரின் முதுகில் மட்டும் ஏறுவது நியாயமன்று. இரண்டாவது, திரும்பி வருவதையும் பிரயாணத்தின் ஒரு பகுதியாகக் கொள்ளவேண்டும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லாக் குரங்கணி மலையிற் காட்டுத்தீயில் அகப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாகாது. அதன் பின்னரே மலைநடைக்கு அரசாங்கம் விதிகள் வகுத்தது. கோடைக் காட்டின் நிலையை விசாரியாமலும், அனுமதி பெறாமலும், வழியறிந்தவர் துணையின்றியும் புறப்படுவது தைரியமாகாது. மூன்றாவது, மலையில் வாழ்வோரை மதித்தல். 2024-இல் தமிழ்நாடு அரசாங்கம் நாற்பது மலைப்பாதைகளைத் திறந்து, அவ்வவ்விடத்து இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. அவர்களைக் கூலியாளாக ஏவுவதும் கூட்டத்தில் ஒருவராகக் கொள்வதும் ஒன்றாகா. மோட்டார் கொட்டகையில் படுக்க வைப்பதற்கும் ஒரே கயிற்றிற் பிணைவதற்கும் உள்ள வேற்றுமை அது.

உத்திரமேரூரார்க்கு இவ்வுபதேசம் புதிதன்று. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னே பராந்தக சோழன் காலத்தில் அவ்வூர்ச் சபையார் குடவோலையால் வாரியங்களைத் தேர்ந்தனர். ஏரி வாரியத்தில் அமர்ந்தவர் ஒரு வருஷம் பொதுச்சுமையைத் தாங்கிப் பிறகு இறங்கவேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி அமரலாகாது. இவ்விதியைக் கோயிற் சுவரில் இன்றும் காணலாம். தலைமை என்பது முறைவைத்துத் தூக்கும் பொதுச்சுமையே என்று கல்லில் எழுதிய ஊரின் பிள்ளைகள், மலைக்குச் செல்லும்போதும் அந்த முறையையே கைக்கொள்வார்களாக. இந்த ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டுவோர், தம் சுமையைத் தாமே கட்டிக்கொண்டு, தளர்ந்தவனுடைய சுமையில் ஒரு பங்குக்கும் அதில் இடம் விட்டுப் புறப்பட வேண்டுமென்பது நமது விருப்பம்.