தச்சு உளி பிடித்த ஜனாதிபதி

1825-ம் ஆண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு மலை உச்சி. அங்கே மான்டிசெல்லோ என்ற பெரிய மாளிகை. அதில் 82 வயதுக் கிழவர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு கெட்ட செய்தி வந்தது.

அவருடைய பேத்திக்கு அந்த ஆண்டு மே மாதம்தான் கலியாணம் ஆகியிருந்தது. அவள் கணவனுடன் பாஸ்டன் நகரத்துக்குப் போய்விட்டாள். அவளுடைய சாமான்கள் பின்னால் கப்பலில் போயின. கப்பல் ஊர் போய்ச் சேரவில்லை. சாமான்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன. அவற்றில் ஒரு எழுதும் மேஜையும் இருந்தது.

செய்தியை முதலில் கொண்டுவந்தவர் அந்த மேஜையைச் செய்த தச்சர். அவர் இடிந்துபோய் நின்றார். மற்ற சாமான்கள் போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மேஜை போனதுதான் தாங்கவில்லை. இன்னொன்று செய்யலாமே என்று கிழவர் கேட்டார். தச்சர் முடியாது என்றார். கண்பார்வை மங்கிவிட்டது; அந்த மேஜை எப்படி இருந்தது என்பதும் சரியாக நினைவில் இல்லை என்றார்.

அந்தக் கிழவர்தான் தாமஸ் ஜெபர்சன். அமெரிக்காவின் 3-வது ஜனாதிபதி. தச்சரின் பெயர் ஜான் ஹெம்மிங்ஸ். அவர் ஜெபர்சனின் அடிமை.

கையில் வேலை உள்ள பிள்ளை

ஜெபர்சன் 1743-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி பிறந்தார். தகப்பனார் நிலம் அளப்பவர், நிலபுலன் உள்ளவர். ஜெபர்சனுக்கு 14 வயதானபோது அவர் இறந்துபோனார். பிள்ளை கல்லூரிக்குப் போனார். சட்டம் படித்தார். வக்கீல் ஆனார்.

ஆனால் அவர் மனம் கோர்ட்டில் மட்டும் நிற்கவில்லை. வீடு கட்டுவதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. கட்டிடக் கலையை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. புத்தகங்களைப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டார். தமக்குச் சொந்தமான மலை உச்சியைச் சமன் செய்து வீடு கட்டத் தொடங்கினார். கட்டுவார், இடிப்பார், மறுபடி கட்டுவார். இப்படியே 40 ஆண்டுகள் ஓடின. இந்தக் காலத்து வீட்டுக்காரர்கள் கொத்தனாருடன் நாலு மாதம் மல்லாடிவிட்டுச் சலித்துக்கொள்கிறார்கள்!

அவருக்கு உளியும் சுத்தியலும் பிடிக்கத் தெரியும். சாவி, பூட்டு, சிறு சங்கிலி எல்லாம் தம் கையாலேயே செய்வார். ஜனாதிபதியாக இருந்தபோதும் இந்தப் பழக்கம் விடவில்லை. ஜனாதிபதி மாளிகையில் அவர் அறை நடுவில் ஒரு நீள மேஜை கிடந்தது. அதற்கு இரண்டு பக்கமும் இழுப்பறைகள். ஒரு அறையில் தச்சுக் கருவிகள். இன்னொன்றில் தோட்டக் கருவிகள். அரசாங்கக் காகிதங்களைப் பார்த்து அலுத்துப்போனால் அவற்றைக் கையில் எடுத்துக்கொள்வார்.

மடியில் வைக்கும் மேஜை

1776-ம் ஆண்டு ஜெபர்சனுக்கு வயது 33. அப்போது அமெரிக்கா இங்கிலாந்துடன் போராடிக்கொண்டு இருந்தது. காங்கிரஸ் கூட்டத்துக்காக அவர் பிலடெல்பியா நகரத்துக்குப் போயிருந்தார். அங்கே பெஞ்சமின் ராண்டால்ப் என்ற மேஜை நாற்காலி செய்யும் தச்சர் இருந்தார். ஜெபர்சன் தாமே ஒரு படம் வரைந்து அவரிடம் கொடுத்தார். அதன்படி ஒரு சிறு மேஜை தயாராயிற்று.

அது மடியில் வைத்து எழுதும் மேஜை. நம் கடைகளில் கணக்குப்பிள்ளைகள் முன்னால் வைத்துக்கொள்ளும் சாய்வுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறியது; அதைவிட லேசானது. மகோகனி மரம். நீளம் சுமார் 14 அங்குலம். கனம் 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. மேல் பலகைக்குக் கீல் போட்டிருக்கும். விரித்தால் எழுதும் இடம் இரண்டு மடங்காகும். பலகையைச் சாய்வாக நிமிர்த்திப் புத்தகமும் வைக்கலாம். பக்கத்தில் ஒரு இழுப்பறை. அதற்குப் பூட்டு உண்டு. காகிதம், இறகுப் பேனா, மைக்கூடு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஒரு கொத்தனார் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஜெபர்சன் வாடகைக்கு எடுத்திருந்தார். 1776 ஜூன் மாதம், அங்கே இந்த மேஜையை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார். மனிதர்கள் எல்லாரும் பிறப்பில் சமம் என்று அதில் எழுதினார். ஜூலை 4-ந் தேதி காங்கிரஸ் அதை ஏற்றுக்கொண்டது.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம், ஜெபர்சனின் மலை வீட்டில் எலிசபெத் ஹெம்மிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் ஜெபர்சனுக்கு மாமனார் சொத்தாக வந்தவர்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அதுதான் சட்டம். அந்தக் குழந்தைதான் ஜான் ஹெம்மிங்ஸ்.

மலை மேல் தச்சுப்பட்டறை

ஜான் முதலில் மரம் வெட்டினார், வேலி போட்டார். 17 வயது வாக்கில் பட்டறையில் சேர்ந்தார். 1798-ல் ஜேம்ஸ் டின்ஸ்மோர் என்ற அயர்லாந்து நாட்டுத் தச்சர் மான்டிசெல்லோவுக்கு வந்தார். அவரிடம் ஜான் நுணுக்கமான வேலை எல்லாம் கற்றார். 1809-ல் டின்ஸ்மோர் வேறு இடம் போனார். அதன் பிறகு பட்டறை ஜான் கைக்கு வந்தது.

அந்த ஆண்டுதான் ஜெபர்சனும் ஜனாதிபதி பதவிக் காலம் முடிந்து வீட்டுக்கு வந்தார். அவர் மனதில் தோன்றுவதை ஜான் மரத்தில் செய்து கொடுப்பார். சாய்வு நாற்காலி, அலமாரி, ஜன்னல், கதவு, ஏன், ஒரு குதிரை வண்டியின் மர வேலைகூட அந்தப் பட்டறையில் நடந்தது.

அங்கே செய்த ஒரு புத்தகத் தாங்கி வேடிக்கையானது. அதில் ஒரே சமயத்தில் ஐந்து புத்தகங்களைத் திறந்து வைக்கலாம். சுற்றிவிட்டால் வேண்டிய புத்தகம் எதிரே வரும். வேலை முடிந்ததும் மடக்கினால் ஒரு சதுரப் பெட்டி! சாப்பாட்டு அறையில் இன்னொரு வேலைப்பாடு. கணப்பு அடுப்பின் பக்கவாட்டில் சிறு கதவு இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு தூக்குப் பெட்டி. கீழே நிலவறையில் மதுப் புட்டியை அதில் வைத்து இழுத்தால் மேலே வந்து நிற்கும்.

அவருடைய புத்தக அலமாரிகளும் அப்படித்தான். பைன் மரப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதே அலமாரி. 1814-ல் ஆங்கிலப் படை வாஷிங்டனில் தீ வைத்தபோது காங்கிரஸின் நூலகம் எரிந்துபோனது. ஜெபர்சன் தம்முடைய 6,487 புத்தகங்களையும் 1815-ல் அரசாங்கத்துக்கு விற்றார். விலை 23,950 டாலர். புத்தகங்களை வெளியே எடுத்துக் கட்ட வேண்டிய வேலையே இல்லை. பெட்டிகளின் முன்பக்கம் பலகை அடித்தார்கள். அப்படியே 10 வண்டிகளில் ஏற்றினார்கள்.

ஜெபர்சன் ஆண்டுக்கு 20 டாலர் இனாமாக ஜானுக்குக் கொடுத்தார். அது சம்பளம் அல்ல. அடிமைக்கு ஏது சம்பளம்? ஜானுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அவர் எழுதிய கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. ஜானுக்கும் மனைவி பிரிஸில்லாவுக்கும் பிள்ளை இல்லை. ஜெபர்சனின் பேரப்பிள்ளைகளை வளர்த்தவள் பிரிஸில்லாதான். அந்தக் குழந்தைகள் ஜானை அப்பா என்றே கூப்பிட்டார்கள்.

எல்லென் என்ற பேத்திக்குக் கலியாணம் நிச்சயமானபோது, தூக்கி வளர்த்த பெண்ணுக்காக ஜான் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் அந்த மேஜை. அதைத்தான் கடல் கொண்டுபோயிற்று.

தாத்தாவின் பரிசு

ஜெபர்சன் யோசித்தார். பேத்திக்கு வேறு மேஜை கொடுக்க வேண்டும். கடையில் வாங்கலாம். ஆனால் போனதற்கு அது ஈடாகுமா? தாம் 50 ஆண்டு வைத்திருந்த அந்தப் பழைய மடி மேஜையை எடுத்தார். இதில்தான் சுதந்திரப் பிரகடனம் எழுதப்பட்டது என்று 1825 நவம்பரில் ஒரு சீட்டு எழுதி அதில் வைத்தார். பேத்தியின் கணவருக்கு அதைப் பரிசாக அனுப்பினார்.

மறு ஆண்டு, 1826 ஜூலை 4-ந் தேதி, ஜெபர்சன் காலமானார். பிரகடனத்துக்கு அன்று சரியாக 50 ஆண்டு. அவருடைய சவப்பெட்டியைச் செய்தவர் ஜான்தான் என்று சொல்லப்படுகிறது.

ஜெபர்சனுக்குக் கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் இருந்தது. அவர் தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். உயிலில் ஐந்து பேருக்கு மட்டும் விடுதலை எழுதினார். அவர்களில் ஜான் ஒருவர். பட்டறைக் கருவிகள் எல்லாம் அவருக்கே என்றும் எழுதியிருந்தது. மற்ற இருவர் மேடிசன், எஸ்டன் என்ற இளைஞர்கள். ஜானிடம் வேலை கற்றவர்கள். ஜானின் சகோதரி சாலியின் பிள்ளைகள். அவர்களுக்குத் தகப்பன் ஜெபர்சன்தான் என்று இன்று பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

மற்றவர்கள் ஏலத்துக்கு வந்தார்கள். 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 பேருக்கு ஏலம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. மேஜை நாற்காலிகளும் மனிதர்களும் ஒரே ஏலத்தில் விலைபோனார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் போன குடும்பங்கள் உண்டு.

ஜானுக்கு விடுதலை கிடைத்தபோது வயது 51. கண் மங்கிவிட்டிருந்தது. 1830-ல் பிரிஸில்லா இறந்தாள். 1833-ல் ஜானும் இறந்தார்.

ஜெபர்சனின் மடி மேஜையை 1880-ல் பேத்தியின் குடும்பத்தார் அரசாங்கத்துக்குக் கொடுத்தார்கள். வாஷிங்டன் நகரத்து அமெரிக்க வரலாற்றுக் காட்சிசாலையில் அது இருக்கிறது. ஜெபர்சன் எழுதி வைத்த சீட்டும் அதோடு இருக்கிறது. ஜான் செய்த மேஜை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு படம்கூட இல்லை.