பார்த்து வரைந்த பேரோவியர் றெம்பிராண்ட்

புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றியது 1638ஆம் ஆண்டு மே மாதத்திலாகும். அவ்வேளை ஆம்ஸ்டர்டாம் நகரில் செல்வந்தர்களின் உருவப்படங்களைத் தைலவண்ணத்தில் தீட்டிப் புகழீட்டிக்கொண்டிருந்தார், முப்பத்தொரு வயதினரான றெம்பிராண்ட். எமது வாவிக்கரையில் இன்றும் நிற்கும் அக்கோட்டையை நாம் நன்கறிவோம். அதை ஆண்டவர்களின் கலையை அந்த அளவுக்கு அறிந்தோமில்லை.

1606இல் லெய்டன் நகரில் மாவாலைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், ஆம்ஸ்டர்டாமில் லாஸ்ட்மன் என்ற ஓவியரிடம் ஆறு மாதங்களே பயின்றார். ஆனால் குருவின் ஓவியங்களைப் பின்னரும் பல ஆண்டுகள் பார்த்து வரைந்து, அவற்றின் அமைப்பைத் தம் போக்கில் மாற்றியமைத்தார். பிரதி செய்வதே அக்காலத்தில் பயிற்சியின் முதற்படி. அடிப்பூச்சின்மேல் நிழலும் ஒளியும் அடுக்கடுக்காக எழும் தைலவண்ண நுட்பம், கையால் செய்து பார்த்தாலன்றிப் பிடிபடுவதில்லை. எம்மிடையேயோ, பார்த்துக் கீறியது என்பது இன்றும் ஓர் ஏளனச் சொல்!

1639இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏலமொன்றில், 1520இல் மறைந்த இத்தாலிய மேதை ரபாயல் தீட்டிய காஸ்டிலியோனேயின் உருவப்படம் விற்பனைக்கு வந்தது. றெம்பிராண்ட் அதனை விரைந்து கீறிக்கொண்டார். 3,500 கில்டர் என விலையையும் ஓரத்தில் குறித்துவைத்தார். படத்தை வாங்கியவரிடம் டிஷியன் தீட்டிய உருவப்படம் ஒன்றும் இருந்தது. மறு ஆண்டு றெம்பிராண்ட் தம்மையே தீட்டிய படத்தில் இவ்விரண்டின் சாயலையும் காணலாம். தாங்குகட்டை மீது கை ஊன்றிய நிலை டிஷியனுடையது. முகமும் அதில் விழும் ஒளியும் முற்றிலும் அவருடையவை. அப்படம் இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது.

1642இல் மனைவி சாஸ்கியா மறைந்தார். 1656இல் கடனை அடைக்க வழியின்றி முறிவடைந்தார். வீடும் சேகரித்த கலைப்பொருட்களும் விற்கப்பட்டன. ஐம்பது வயதை எட்டிய அக்காலத்தில்தான், எமது வாசகர்கள் குறிப்பாக அறியவேண்டிய செயலொன்றைத் தொடங்கினார். முகலாய அரசவை ஓவியர்களின் சிற்றோவியங்களை அவர் பார்த்து வரையலானார். ஜஹாங்கீர், ஷாஜஹான் ஆகிய பேரரசர்களின் உருவங்கள் அவற்றில் அடங்கும். உருவப்படம் வரைதல் பற்றி இஸ்லாமிய அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை நாம் அறிவோம். எனினும் முஸ்லிம் மன்னர்களின் அவையில் வளர்ந்த இக்கலை வரலாற்று உண்மை.

வழமையாகத் தடித்த கோடுகளால் வேகமாகக் கீறும் அவர், இப்பிரதிகளில் மட்டும் ஒரு மாணவனின் பணிவோடு மெல்லிய கோடுகளில் தலைப்பாகையின் மடிப்பையும் அங்கியின் நெளிவையும் பின்தொடர்கிறார். பயன்படுத்திய தாள்கூட ஆசியாவிலிருந்து வந்ததே. புளியந்தீவில் கொடியேற்றிய அதே கம்பனியின் வாணிபமே இத்தகைய பொருட்களை ஒல்லாந்துக்குக் கொண்டுசேர்த்தது. எமது கரைகளிலிருந்து கறுவாவைக் கொண்டுசென்றவர்களின் நாட்டில், பெயர் தெரியாத முகலாய ஓவியர்கள் இவ்வாறு ஒரு மேதைக்கு ஆசான்களாயினர்.

1669 ஒக்டோபர் 4ஆம் திகதி வறுமையில் மறைந்த றெம்பிராண்ட், வாடகைக் கல்லறையொன்றில் அடக்கம் செய்யப்பட்டார். முகலாய ஓவியங்களைப் பார்த்து அவர் வரைந்தவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன.