அம்மை கண்ட நகரில் ஓர் அடிகளார்

சில ஆண்டுகளுக்கு முன், பேலியகொடையிலிருந்து மடுமாதா திருவிழாவுக்குப் புறப்பட்ட யாத்திரிகர்களோடு, நோயாளரைப் பேணும் தொண்டனாக நானும் சென்றேன். முதலிரவில், புண்பட்ட கால்களோடு கிடந்த முதியவர் ஒருவரைத் தொட என் கை கூசிற்று. அப்போது என் நெஞ்சில் எழுந்தவர் யோசேவாஸ் அடிகளார்.

1651இல் கோவாவிலே பிறந்தவர் அவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், எளிய கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் புகுந்தார், தமிழ் கற்றார். 1692இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றரென ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர்.

1697இல் அதே கண்டியைப் பெரியம்மை பற்றிற்று. அகல இயன்றவர் அகன்றனர். உற்றாரே நோயுற்றோரைக் கைவிட்டனர். தம்மைச் சிறைவைத்த நகருக்கே அடிகளார் தாயானார். மருகரான கார்வாலோ அடிகளாருடன், சமயம் நோக்காது, நோயாளரைத் தேடிச் சென்றார், உணவூட்டினார், புண் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015இல் கொழும்புக் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்றிரவு வெந்நீர் கொணர்ந்து முதியவரின் கால்களைக் கழுவினேன். கூச்சம் முற்றும் அகன்றதென்று சொல்லேன். ஆயினும் கை பின்வாங்கவில்லை.