துப்பாக்கியை விட்டுக் கேமராவை எடுத்தவர்

கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது தேவனாம்பட்டினம் கடற்கரை. ஜனவரி முதல் மார்ச் வரை கடலூர்க் கரையோரம் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் முட்டையிட வரும். டார்ச் அடித்தால் போச்சு! முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். காட்டு உயிர்களைப் பார்க்க ஆசையா? சத்தம் போடாமல் காத்திருக்கப் பழக வேண்டும். அதில் கில்லாடி, ஜிம் கார்பெட்.

இமயமலையில் உள்ள நைனிடாலில் 1875 ஜூலை 25 அன்று பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். ஜிம்மின் சின்ன வயதிலேயே அவர் இறந்துவிட்டார். காலாதுங்கி காடுதான் ஜிம்முக்கு இன்னொரு பள்ளிக்கூடம். குரலைக் கேட்டே எந்தப் பறவை, எந்த விலங்கு என்று சொல்லிவிடுவார்.

வளர்ந்ததும் ரயில்வேயில் வேலை பார்த்தார். அப்போது சம்பாவத் பகுதியில் ஒரு பெண்புலி 436 பேரைக் கொன்றுவிட்டதாக மக்கள் நடுங்கினார்கள். 1907ஆம் ஆண்டு கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தினார். அதன் வாயைப் பார்த்தால், கோரைப் பற்கள் உடைந்திருந்தன! எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. மான்களைப் பிடிக்க முடியாமல்தான் அந்தப் புலி மனிதர்களைத் தேடி வந்திருக்கிறது.

பொழுதுபோக்குக்காகவும் புலிகளைச் சுட்டவர்தான் கார்பெட். ஆனால், புலிகள் குறைந்துகொண்டே போவதைக் கண்டு மனம் மாறினார். கேமராவைத் தூக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் மறைந்திருந்து புலிகளைப் படம் பிடித்தார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936இல் உருவாக அவரும் உழைத்தார்.

1947இல் அக்கா மேகியுடன் ஆப்பிரிக்காவின் கென்யாவுக்குக் குடியேறினார். அங்கே நியேரி காட்டில், அத்திமரத்தின் மேல் ட்ரீடாப்ஸ் என்ற விடுதி இருந்தது. கீழே தண்ணீர் குடிக்க யானைகளும் காண்டாமிருகங்களும் வரும். 1952 பிப்ரவரி 5 அன்று இங்கிலாந்து இளவரசி எலிசபெத் அவற்றைப் பார்க்க வந்தார். 76 வயது கார்பெட், சிறுத்தை ஏதும் ஏறிவிடாமல் ஏணிப்பக்கம் இரவெல்லாம் காவல் இருந்தார். அந்த இரவில் இங்கிலாந்தில் மன்னர் இறந்துபோக, மரத்தின் மேல் இருந்தபடியே இளவரசி ராணியாகிவிட்டார்!

1955 ஏப்ரல் 19 அன்று கார்பெட் நியேரியில் காலமானார். பின்னர் அந்தத் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. புலிகளைக் காக்கும் திட்டமும் 1973இல் அங்கேதான் தொடங்கியது. அப்போது இந்தியாவில் 2,000 புலிகள்கூட இல்லை. 2022 கணக்கெடுப்பில் சுமார் 3,682!

அடுத்த முறை கடற்கரையில் ஆமையைப் பார்த்தால், டார்ச்சை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். நீங்களும் குட்டி கார்பெட்தான்!